ஒத்திகை கைக்கு வர வேண்டும்

(சிதம்பரத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



கடலூர்க்காரன் பனிமலையைப் பற்றிப் பேசுவது வியப்பாக இருக்கலாம். மலையேறுவோர் பனிப்புயலில் சிக்கினால் பனியைக் குடைந்து உள்ளே தங்குவார்கள். பனிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வாசல் படுக்கும் மேடைக்குக் கீழே இருந்தால் குளிர்காற்று கீழேயே தங்கும். மூச்சுக்கு மேலே ஒரு துளை வேண்டும். இதைப் படித்தால் போதாது. முன்கூட்டியே தோண்டிப் பழக வேண்டும். சியாச்சினுக்குச் செல்லும் ராணுவ வீரர்களும் முதலில் அங்குள்ள பயிற்சிப் பள்ளியில் பழகிய பிறகே மேலே போகிறார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று அங்கே பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தனர். 8ஆம் தேதி உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11ஆம் தேதி இறந்தார். பயிற்சி எல்லாரையும் காப்பாற்றிவிடாது. ஆனால் அத்தனை உறைபனியைத் தோண்டி அவரை வெளியே எடுத்தவை பழகிய கைகள்தாம்.

நமக்குப் பனி இல்லை, கடல் இருக்கிறது. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்தவர்கள் நாம். அப்படியிருந்தும் எங்கள் பள்ளியில் ஒத்திகை என்றால் வரிசையில் நிற்பது, படம் எடுப்பது, பதிவேட்டில் எழுதுவது என்றே இருந்தது. ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "சார், கரண்ட் இல்லேன்னா மணி எப்படி அடிக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் தண்டவாளத் துண்டு ஒன்றை வராந்தாவில் தொங்கவிட்டோம். இப்போது ஒத்திகையில் அவள்தான் அடிக்கிறாள்.

அடுத்த ஒத்திகை முடிந்ததும் பதிவேட்டைத் திறக்கும் முன், எது சரியாக நடக்கவில்லை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.