மலைப்பனியும் மாரியும்

ஆறு பெருகுவதற்கு மழையே காரணம் என்பது வெப்பமண்டல நாட்டார் யாவரும் அறிந்த செய்தி. வானம் இருண்டு இரண்டு நாள் விடாது பொழிந்தால், மூன்றாம் நாள் ஆற்றங்கரை ஊரார் மூட்டை முடிச்சுக்களைக் கட்டத் தொடங்குவர். களனி கங்கைக் கரையில் வாழ்வோருக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் உலகில் வேறு சில ஆறுகள் உள்ளன. அவற்றின் வெள்ளம் ஐந்தாறு மாதங்களுக்கு முன்னரே வானத்திலிருந்து இறங்கி, மலைகளின்மேல் வெண்ணிறப் போர்வையாய் அசையாது காத்திருக்கும். புவியியலார் மழைப்பனி என வழங்கும் அப்பொருள் உருகும் காலத்திற் பெருமழையும் வந்து சேருமாயின், மாரிகாலம் முழுவதும் சேர்ந்த நீரும் அன்று பொழிந்த நீரும் ஒருங்கே ஆற்றில் இறங்கிவிடும்.

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆறு இவ்வகையைச் சேர்ந்தது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில், உரொக்கி மலைகளின் அடிவாரத்தில் உற்பத்தியாகும் இவ்வாறு, முதலில் வடக்கு நோக்கி ஓடிப் பின்னர் திரும்பித் தெற்கே இறங்கி, அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குட் புகுந்து, ஏறக்குறைய 1,240 மைல் கடந்து பசிபிக் சமுத்திரத்தை அடைகின்றது. இதன் வடிநிலத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே கனடாவிலுள்ளது. எனினும் அப்பங்கு உயர்ந்த மலைநாடாகையால், நிலத்தின் அளவுக்கு மிஞ்சிய நீரை அது ஆற்றுக்கு வழங்குகின்றது. மாரியில் ஆறு மெலிந்திருக்கும். மே, யூன் மாதங்களிற் பருத்துவிடும். பனி அடிவாரத்திலிருந்து சிகரம் நோக்கிப் படிப்படியாக உருகினால் ஆறும் படிப்படியாக உயர்ந்து இறங்கும், எவருக்கும் இடரில்லை.

1948ஆம் ஆண்டில் அவ்வாறு நிகழவில்லை. அவ்வாண்டின் இளவேனில் வழக்கத்திலும் குளிர்ந்திருந்தது. சித்திரை மாதத்திலும் மலைகளிற் பனி குறையாது, மேலும் மேலும் சேர்ந்தது. உருக வேண்டிய காலத்தில் உருகாத பனி கடன்போன்றது. நாள் தள்ளத் தள்ளச் சுமை கூடும். மே மாத நடுப்பகுதிக்குப் பின் வெப்பம் திடீரென ஏறியது. அதனோடு மழையும் சேர்ந்துகொண்டது. அடிவாரமும் நடுமலையும் சிகரமும் ஏககாலத்தில் நீரை விட்டன. த டால்சு என்னுமிடத்தில் விநாடிக்குப் பத்து இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் ஓடிற்று. 1894ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் அத்துணை நீரை அவ்வாறு கண்டதில்லை.

ஆறு கடலை நெருங்குமிடத்தில், போட்லண்டு நகருக்கு வடக்கே, வான்போட் என்றொரு ஊர் அப்போது இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கப்பல் கட்டும் தளங்களுக்குத் திரண்டு வந்த தொழிலாளருக்காக 1942இல் அவசர அவசரமாக எழுப்பப்பட்ட ஊர் அது. ஆற்றினருகே, கரைகளால் நாற்புறமும் சூழப்பட்ட பள்ளநிலத்தில், ஆழமான அத்திவாரமின்றி மரத்தாலான தொடர்மாடி வீடுகள் ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்டன. ஒரு காலத்தில் அங்கே நாற்பதினாயிரம் மக்கள் வாழ்ந்தனர். ஒறிகன் மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகர் என்னும் பெயரும் அதற்கு வந்தது. போர் முடிந்தபின் பலர் நீங்கினர். 1948இல் எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய 18,500 பேர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் கறுப்பின மக்கள். வெள்ளையர் வாழும் தெருக்களிற் கறுப்பினத்தாருக்கு வீடு விற்றலாகாது என்பது போட்லண்டு வீட்டுத் தரகர் சங்கத்தினர் 1919 முதலே தமக்குள் வகுத்துக்கொண்ட நெறி. ஆகையால் அம்மக்கள் பள்ளநிலத்தில் வாழ்ந்தமை அவர்கள் விரும்பித் தேர்ந்ததன்று. வெள்ளம் எல்லார் வீட்டையும் ஒன்றுபோல் எடுக்குமெனச் சொல்லப்படுவதுண்டு; எவர் வீடு பள்ளத்தில் அமையும் என்பதை மனிதரே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றனர்.

மே 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. போரில் மாண்டோரை நினைவுகூரும் விடுமுறைக் காலம். வெளியே ஆற்றின் நீர்மட்டம் ஊரின் தரைக்குப் பதினைந்து அடி மேலே நின்றது. அன்று விடியற்காலை வீடமைப்பு அதிகாரசபையினர் வீடுதோறும் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கதவிடுக்கிற் செருகிச் சென்றனர். கரைகள் தற்போது உறுதியாக உள்ளன, தேவை ஏற்படின் எச்சரிக்கப்படும், வெளியேற அவகாசம் இருக்கும், கலவரமடைய வேண்டாம் என்பது அதன் சாரம். மாலை 4 மணி 17 நிமிடத்துக்கு ஊரின் மேற்குக் கரை உடைந்தது. அக்கரை வெள்ளத்தைத் தடுப்பதற்கென எழுப்பப்பட்டதன்று. புகையிரதப் பாதைக்காக மண் நிரப்பி உயர்த்திய மேடு. முதலிற் சில அடி அகலமாயிருந்த உடைப்பு, பார்த்திருக்கையிலேயே பல நூறு அடியாக விரிந்தது.

ஊரினுள் இருந்த சதுப்பு நிலங்களும் ஓடைகளும் முதல் நீரை வாங்கிக்கொண்டமையால், ஏறக்குறைய அரை மணி நேரம் மக்களுக்குக் கிடைத்தது. ஊரைவிட்டு வெளியேற ஒரே பெருஞ்சாலை. அதில் மோட்டார் வண்டிகள் நெருக்கியடித்தன. மர வீடுகள் நிலத்தைவிட்டுக் கிளம்பி ஒன்றோடொன்று மோதி மிதந்தன. இரவாகுமுன் ஊரே இல்லை. விடுமுறையாதலாற் பலர் வெளியே சென்றிருந்தனர். அதனாலேயே இறந்தோர் தொகை பதினைந்து என்னும் அளவோடு நின்றது. அதே வாரங்களில் எல்லைக்கு வடக்கே பிரேசர் ஆறும் கரைகடந்து, பதினாறாயிரம் பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. வான்கூவர் நகருக்கான புகையிரதப் பாதைகள் துண்டிக்கப்பட்டன.

வான்போட் மீண்டும் கட்டப்படவில்லை. போரிலிருந்து மீண்ட வீரருக்காக 1946இல் அவ்வூரில் நிறுவப்பட்ட கல்லூரி மட்டும் அழியாது வேறிடம் பெயர்ந்தது. அதுவே வளர்ந்து இன்று போட்லண்டு மாநிலப் பல்கலைக்கழகமாய் நிற்கின்றது. கட்டடம் போனாலும் கல்லூரி போய்விடவில்லை என்பது ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு ஒரு சிறு ஆறுதல்.

இனி, மழைக்கும் பனிக்கும் உள்ள உறவை நோக்குவோம். சூடான மழை பனிமேல் விழுந்து அதனைக் கரைத்துவிடுகின்றது என்பதே பொதுவான எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் பிழை என்பது புலப்படும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள மழைநீர் ஒரு கிராம், சுழியம் பாகைவரை குளிர்ந்தாலும் 10 கலோரியே தரும். எனவே எட்டுப் பங்கு மழை விழுந்தால் ஒரு பங்கு பனி உருகும்; அவ்வளவே. உண்மையான வெப்பத்தைக் கொண்டுவருவது மழையோடு வரும் ஈரக்காற்று. அக்காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின்மேற் படிந்து நீராகும்போது, கிராமுக்கு 600 கலோரியளவில் வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஒரு கிராம் ஆவி ஏழு கிராமுக்கு மேற்பட்ட பனியை உருக்கிவிடும். ஆகவே மழை குறைவாயினும், வெதுவெதுப்பான ஈரக்காற்றுப் பலமாய் வீசும் இரவே மலையடிவாரத்தார் அஞ்ச வேண்டிய இரவு.

பனியின் நிலையும் முக்கியமானது. மாரியின் நடுவிற் பனிப்படை கடுங்குளிராயிருக்கும். அதன்மேல் விழும் மழை உள்ளே இறங்கி உறைந்துவிடும். காய்ந்த கடற்பஞ்சு நீரை வாங்குவதுபோல் அப்படை மழையை வாங்கிக்கொள்ளும். இளவேனிலில் மேலிருந்து அடிவரை அது உருகுநிலையை எட்டிவிடுகின்றது. இதனைப் பனி பழுத்தது என்பர் நீரியல் அறிஞர். பழுத்த பனி நீரிற் சிறிதளவையே தன்னுள் வைத்திருக்கும். மிகுதி யாவற்றையும் கீழே விட்டுவிடும். அப்போது விழும் மழைக்கு அது ஒரு தடையே அன்று.

அங்ஙனமாயின், மலைமேல் எவ்வளவு நீர் காத்திருக்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? ஆழத்தை அளந்தாற் போதாது. புதிதாய் விழுந்த பனி பத்தங்குலம் உருகினால் ஓரங்குல நீரே கிடைக்கலாம். இளவேனிற் பனியோ தன் ஆழத்திற் பாதியளவு நீரைத் தரவும் கூடும். இதற்கு விடை கண்டவர் பொறியியலாளருமல்லர், வானிலை அறிஞருமல்லர். நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் முதலிய பழம்பெரும் இலக்கியங்களைப் போதித்த யேம்சு சேச்சு என்னும் பேராசிரியர் அவர். பதினாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த உரோசு மலையில் மாரிகாலத்தில் ஏறுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 1906ஆம் ஆண்டளவில் அங்கே ஓர் அவதான நிலையம் அமைத்தார். விளிம்பிற் பற்கள் வெட்டிய இரும்புக் குழாயொன்றைப் பனியினுள் தரைவரை இறக்கி, அகப்பட்ட பனியோடு தராசில் தூக்கி நிறுத்தார். நிறையே நீரின் அளவைக் காட்டிவிட்டது. எத்துணை எளிய உபாயம்! தாகோ ஏரியின் நீர்மட்டம் பற்றி ஏரிக்கரை நிலச் சொந்தக்காரருக்கும் மின்சாரக் கம்பனிக்கும் நிகழ்ந்த பிணக்கைத் தீர்ப்பதற்கும், இளவேனிலில் ஏரி எவ்வளவு உயரும் என்று அவர் முன்கூட்டிக் கூறிய கணிப்பு உதவியது. இன்று மேற்கு அமெரிக்க மலைகளில் நூற்றுக்கணக்கான தானியங்கு நிலையங்கள், தம்மேற் கிடக்கும் பனியின் பாரத்தை ஆள் உதவியின்றி அறிவிக்கின்றன. எனினும் அவை நிறுப்பது இலக்கியப் பேராசிரியர் நிறுத்த அதே பொருளைத்தான்.

வான்போட் அழிந்தபின் இரு நாடுகளும் விழித்துக்கொண்டன. 1961இற் கைச்சாத்தாகி 1964இல் நடைமுறைக்கு வந்த கொலம்பியா ஆற்று உடன்படிக்கையின்படி, டங்கன், ஆரோ, மைக்கா என்னுமிடங்களிற் கனடா மூன்று பெரும் அணைகளைக் கட்டியது. அமெரிக்கப் பக்கத்தில் லிபி அணை எழுந்தது. பனி மிகுந்த ஆண்டில் நீர்த்தேக்கங்களை முன்கூட்டியே வடியவிட்டு, உருகும் நீருக்கு இடம் வைத்தல் இவ்வேற்பாட்டின் மையம். சொல்வதற்கு எளிது. மிகுதியாக வடியவிட்டபின் வானம் பொய்த்தால் மின்சாரமும் பயிரும் சமன் மீனும் பாதிக்கப்படும். குறைவாக வடியவிட்டபின் சூடான மழை வந்தால் கீழுள்ள நகரம் நீருக்குள். கனடாவின் ஆரோ ஏரிப் பள்ளத்தாக்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர், போட்லண்டு மக்கள் நனையாதிருப்பதற்காகத் தம் தோட்டங்களையும் தேவாலயங்களையும் நீருக்குக் கொடுத்து வெளியேறினர். அறுபது ஆண்டு வெள்ளக் காவலுக்கு அமெரிக்கா கனடாவுக்குக் கொடுத்த பணம் 644 இலட்சம் டொலர். அப்பள்ளத்தாக்கினர் இழந்ததை அத்தொகையால் அளத்தல் இயலாது.

அணையில்லாத ஆற்றில் நிகழ்வது யாது என்பதை 2022 யூன் மாதம் காட்டியது. யெலோசுற்றோன் தேசிய வனத்தில் இளவேனில் அவ்வாண்டும் குளிர்ந்தே இருந்தது. பனி பிந்தியே கிடந்தது. யூன் 10 முதல் 13 வரை வெப்பமான மழை பழுத்த பனிமேற் கொட்டியது. கோவின் ஊற்று என்னுமிடத்தில் ஆறு 13.88 அடியை எட்டியது. 1918இற் பதியப்பட்ட 11.5 அடியே அதுவரை உச்சம். வடக்கு வாயிற் சாலை பல இடங்களில் ஆற்றோடு போயிற்று. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வெளியேற்றப்பட்டனர். வனத்தின் ஊழியர் வாழ்ந்த வீடொன்று கரை சரிய முழுதாக ஆற்றில் இறங்கி மிதந்து சென்றது. உயிரிழப்பு இல்லை.

பூமியின் வெப்பம் ஏறும்போது, முன்பு பனி விழுந்த உயரங்களில் மழை விழுகின்றது. ஆகவே பழைய அளவீடுகளைக்கொண்டு வகுத்த விதிகள் பல திருத்தம் வேண்டி நிற்கின்றன. கொலம்பியா உடன்படிக்கையின் வெள்ளக்காவல் ஏற்பாடும் 2024 செப்ரெம்பரில் தன் அறுபதாண்டுக் காலத்தை முடித்துக்கொண்டது. அதற்கு இரு மாதம் முன்பு இரு அரசாங்கங்களும் கொள்கையளவில் ஓர் இணக்கத்தை அறிவித்தன. கனடா தன் நீர்த்தேக்கங்களை இயக்குவதிற் கூடுதல் சுதந்திரம் பெறுவதற்கும், 1964இல் எவரும் கேளாது விட்ட சுதேச மக்கள் ஆற்றின் நலம்பற்றி ஆலோசனை கூறுவதற்கும் அதில் இடம் வைக்கப்பட்டிருந்தது.