கடிதம் எழுதியவள்



நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு திரைப்படம். பள்ளிக்கூட வாத்தியாருக்குத் திரைப்படம் எதற்கு என்று பின்வரிசையில் சிலர் புன்னகைக்கிறீர்கள். சற்றே பொறுங்கள். பிரேசில் நாட்டு இயக்குநர் வால்டர் சாலஸ் எடுத்த ‘சென்ட்ரல் டோ பிரசில்’ என்னும் இப்படம், 1998-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. இதில் டோராவாக நடித்த பெர்னாண்டா மாண்டினீக்ரோ அங்கேயே சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார்.

டோரா ஓய்வு பெற்ற ஆசிரியை. ரியோ டி ஜெனிரோ நகரின் பெரிய இரயில் நிலையத்தில் மேசை போட்டு அமர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூலிக்குக் கடிதம் எழுதுகிறாள். அஞ்சலில் சேர்ப்பதற்கும் காசு வாங்குகிறாள், ஆனால் சேர்ப்பதில்லை. வீட்டில் தோழியுடன் அவற்றைப் படித்துச் சிரிக்கிறாள். சிலவற்றைக் கிழித்தெறிகிறாள், சிலவற்றை இழுப்பறையில் போட்டு வைக்கிறாள்.

ஏமாந்தவர்கள் அதனை அறிய வழியேது? பதில் வராவிட்டால் உறவினரைத்தான் நொந்துகொள்வார்கள். எழுதியவளை ஐயுற மாட்டார்கள். அந்நாட்டில் எழுத்தறிவற்றோருக்கு நெடுங்காலமாக மறுக்கப்பட்ட வாக்குரிமை, 1985-இல்தான் கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

அங்கே தந்தைக்குக் கடிதம் எழுதுவிக்கத் தாயுடன் வருகிறான் சிறுவன் ஜோசுவே. நிலையத்திற்கு வெளியே தாய் பேருந்தில் அடிபட்டு இறக்கிறாள். அநாதையான அவனை டோரா விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறாள்! பிறகு மனம் பொறாமல் மீட்டுவந்து, தந்தையைத் தேடி வடகிழக்கு நோக்கிப் புறப்படுகிறாள். வழியெல்லாம் இருவருக்கும் சண்டைதான். அச்சண்டையிலேயே அன்பும் வளர்கிறது. (ஜோசுவேயாக நடித்த வினீசியஸ் டி ஒலிவெய்ரா, விமான நிலையத்தில் காலணி துடைத்துக்கொண்டிருந்த சிறுவன். அவனை இயக்குநர் அங்கேதான் கண்டெடுத்தார்.)

தந்தை அகப்படவில்லை, அவனுடைய தமையன்மார் இருவரைக் காண்கிறார்கள். தந்தை எழுதிய கடிதம் ஒன்று அவ்வீட்டில் இருக்கிறது. படிக்கத் தெரியாத அவர்கள் அதை டோராவிடம் தருகிறார்கள். கடிதத்தில் மூத்த மக்கள் இருவர் பெயரே உண்டு. டோரா வாசிக்கும்போது ஜோசுவேயின் பெயரையும் சேர்த்து வாசிக்கிறாள். சிறுவன் முகம் மலர்கிறது.

பார்ப்போர் பலர் இவ்விடத்தில் கண் கலங்குவர், நானும் கலங்கினேன். ஆயினும் என் மனம் அந்தத் தமையன்மாரிடமே சென்றது. அன்று இழுப்பறையில் கிடந்த கடிதத்திற்கும் இன்று கூட்டி வாசித்த கடிதத்திற்கும் காரணம் ஒன்றே. எதிரில் இருப்பவர்களால் அதைச் சரிபார்க்க முடியாது. வஞ்சனையானாலும் கருணையானாலும் டோரா தந்ததைத்தான் அவர்கள் ஏற்க வேண்டியிருந்தது.

விடியுமுன் டோரா தனியே பேருந்து ஏறுகிறாள். கண்ணீரோடு ஜோசுவேக்குக் கடிதம் எழுதுகிறாள். அதை யாரும் அவளுக்குச் சொல்ல, அவள் எழுதவில்லை.