குமிழி ஒடுங்கும் ஓசை



பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடைகளிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ சிறிய எஃகுத் தொட்டியொன்றை நீங்கள் கண்டிருக்கக்கூடும். முன்னாளில் பத்தர்கள் பூந்திக்கொட்டை ஊறிய நீரிலிட்டு நகையைத் தேய்ப்பர். இத்தொட்டியிலோ சவர்க்காரம் கலந்த வெந்நீரில் நகையைத் தொங்கவிட்டதும், கல்லின் அடியிற் படிந்த அழுக்கு புகைபோற் பிரிந்து வருகிறது. தேய்ப்பது யார்?

தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட வில்லைகள் நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர்கின்றன. மாந்தர் செவி 20,000க்கு மேல் உணராது. ஆகவே இது மீயொலி. (நாம் கேட்கும் சீறல் குமிழிகளுடையது.) அலையின் அழுத்தம் தாழுங்கால் நீரிற் குமிழிகள் தோன்றுகின்றன; உயருங்கால் ஒடுங்குகின்றன. நகைப்பரப்பின் அருகில் ஒடுங்கும் குமிழி ஒருபுறம் குழிய, நூலிழை போன்ற நீர்த்தாரை அப்பரப்பில் மோதுகிறது. அழுக்கைப் பெயர்ப்பதில் அத்தாரைக்குப் பெரும்பங்கு உண்டு. முத்து, மரகதம், ஓபல் ஆகியவற்றை இதில் இடலாகாது.

இனி, எம் துறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்நிகழ்வின் பெயர் 'குழிவு' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வேரைத் துரத்தி 'குழிவாக்கம்' என்றே யாமும் ஒருகாலத்தில் எழுதினோம். அதைப் படித்த மாணவர் ஒருவர், இயந்திரம் பொன்னிற் குழி தோண்டும் என விடை எழுதினார். பிழை எமது. ஆனாலும் அவர் முற்றும் தவறினாரில்லை: கப்பல்களின் சுழல்விசிறியை இக்குமிழிகள் உண்மையிலேயே அரித்துக் குழியாக்குகின்றன. ஒடுங்கும் குமிழி எழுப்பும் அழுத்தத்தை இரேலி பிரபு 1917இல் கணக்கிட்டதும் அச்சிக்கலை ஒட்டியே.

'குமிழியாக்கம்' எனலாமா? அது பிறப்பை மட்டுமே கூறுகிறது. வேலை நடப்பதோ அழிவில். 'உடைதல்' என்றால் சவர்க்காரக் குமிழி வெளிநோக்கிச் சிதறுவது நினைவுக்கு வரும். உள்நோக்கிச் சுருங்கி மறைவதற்கு நம்மிடம் 'ஒடுங்குதல்' என்னும் பழஞ்சொல் உண்டு. எனவே 'குமிழியொடுக்கம்' என்பது எம் பரிந்துரை. இது சொல்லாசை மட்டுமன்று. 2003இல் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்துக்கு மாறிப் பின்னர் மீண்டது; இடைப்பட்ட ஆண்டுகளிற் பயின்றோர் பலர் இன்று உங்களிடையே ஆசிரியர்கள். கலைச்சொல் கைக்கு எட்டாதபோது பாடம் பாதியிற் பிறமொழிக்குத் தாவுவதை அவர்கள் அறிவர்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் இத்தொட்டி இருக்கும். கடைக்காரர் இசைந்தால், சமையலறை அலுமினியத் தாளை அதனுள் சிறிது நேரம் தொங்கவிடச் சொல்லுங்கள், துளைகள் விழும். மாணவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். அதன்பின் அவர்களையே பெயரிடச் சொல்லி எமக்கு எழுதுங்கள். எம் சொல்லை விடவும் நல்லது வந்தால் அதையே ஏற்போம்.