தண்ணீர் எந்த மதகு வரை வருகிறது?

(ஆசிரியர் பணிமனை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு வகை: பிபிசி மைக்ரோ. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக ஏக்கார்ன் என்ற இங்கிலாந்து நிறுவனம் 1981இல் வெளியிட்டது. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டி. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி போதும். நினைவகம் 32 கிலோபைட்தான். இன்று காலையில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்த வணக்கப் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த இயந்திரத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. 1984இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, நாடு முழுவதும் முதலில் தேர்ந்தெடுத்த 250 பள்ளிகளுக்கு அனுப்பியது இதைத்தான். இங்குள்ள மூத்தவர்கள் சிலர் அந்த வெளிர்நிறப் பெட்டியையும் அதன் மேல்வரிசைச் சிவப்பு விசைகளையும் பார்த்திருக்கலாம். பார்த்திருப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன்; பூட்டிய அறைக்குள் இருந்ததைத் தொட்டவர்கள் குறைவு. என்னுடையதைத் தஞ்சாவூரில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். உள்ளே ஒரு குளவிக்கூடு இருந்தது.

நம் டெல்டாவின் ஈரக்காற்று இந்தப் பெட்டிகளுக்கு ஆகாது. மின்வழங்கியில், வீட்டு மின்சாரம் நுழையும் இடத்தில், தாள் சுற்றிய மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் வெடிப்பு விழும். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பல ஆண்டு கழித்து ஆசையாக மின்சாரம் கொடுத்தால் புகைதான் வரும். அதனால் முதலில் அவற்றை மாற்றிவிட வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அந்தப் பகுதியை மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. மாணவர்களுக்கு 5 வோல்ட் ஓடும் பலகை மட்டும்தான்.

மின்வழங்கியைச் சரிசெய்து இயக்கினேன். 'பூம்' என்ற ஒலி தொடங்கியது, நிற்கவில்லை. இதன் காரணம் சுவையானது. மின்சாரம் வந்ததும் ஒலிச் சில்லு தானாகவே கத்தத் தொடங்கும். செயலி விழித்து, இயக்க நிரலைப் படித்து, அதை அடக்கிவிட்டு, 'பீப்' என்று குரல் கொடுக்க வேண்டும். 'பூம்' நிற்கவில்லை என்றால் செயலி அந்தப் படி வரை வந்து சேரவில்லை என்று பொருள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் மாலையில் சுற்றி நின்றார்கள். மின்சாரம் வருகிறது, பீப் வரவில்லை. இடையில் எங்கே அறுந்தது? நான் ஒரு முனையிலிருந்து வரிசையாகப் பார்க்கலாம் என்றேன். கணக்கில் முப்பதைத் தாண்டாத ஒரு மாணவி, "வேணாம் சார். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா எங்கப்பா நடு மதகைத்தான் மொதல்ல பாப்பாரு. அங்க தண்ணி இருந்தா மேல பாக்க வேண்டியதே இல்லல்ல?" என்றாள். பாதிப் பாதியாகக் குறைத்துத் தேடும் இந்த முறையைக் கணினி அறிவியல் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு அது வாய்க்கால் வரப்பிலேயே கிடைத்திருக்கிறது.

அவள் சொன்ன நடு மதகு, செயலியின் கடிகாரத் துடிப்பு. சோதித்தோம், இருந்தது. ஆக, பழுது அதற்குப் பின்னால். இயக்க நிரல் இருக்கும் சில்லைக் கழற்றினால் கால்கள் கருத்துப் போயிருந்தன. துடைத்து மறுபடி பொருத்தினோம். பீப்.

அதன்பின் நான் அவளுடைய கணக்கு நோட்டை வேறு மாதிரி பார்க்கிறேன். வகுத்தல் கணக்கின் விடை தவறு என்றால், நடு வரிக்குப் போகிறேன். அது வரை சரியா? சரி என்றால் அடுத்த பாதி. பெரும்பாலும் ஒரே இடம்தான்: கடன் வாங்கிக் கழிப்பது. ஒன்பது ஆண்டுப் படிப்பில் ஒரு சில்லின் கால் கருத்திருக்கிறது, அவ்வளவே. 'அடிப்படையே இல்லை' என்று நாம் எழுதிவிடுகிற பிள்ளை அவள். இப்போது கழித்தலுக்குத் தனியாகத் தினம் பத்து நிமிடம் உட்காருகிறோம். பாதி வழி வந்திருக்கிறாள்.

இந்த இயந்திரத்தின் பேசிக் மொழியில் தவறாக எழுதினால் திரையில் 'மிஸ்டேக்' என்று வரும். நிரலாக இருந்தால் எந்த வரியில் என்ற எண்ணும் வரும். பிறகு அமைதியாகக் காத்திருக்கும். நம் சிவப்பு மை பெருக்கல் குறி போடுகிறது, வரி எண்ணைச் சொல்வதில்லை. ஐம்பது நோட்டுக்கு வரி எண் போட நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் ஒரு நாளைக்கு ஐந்து நோட்டுதான் அப்படிப் பார்க்கிறேன்.

உங்கள் பள்ளிப் பொருளறையில் இப்படி ஏதாவது கிடந்தால், கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் கேட்டு ஒன்றை நிறுத்தி வையுங்கள். மின்சாரம் மட்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள். அடுத்த பணிமனைக்கு என் பெட்டியைக் கொண்டு வருகிறேன். பழைய குழாய்த் தொலைக்காட்சி யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையது போன மழையில் போய்விட்டது.