கோபுர மாடியில் ஒண்டுக் குடித்தனம்
(மும்பையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவிக் குடிசையையும் சால் அறையையும் பற்றிப் பேச வேண்டிய சங்கம், பவாயில் இருபதாவது மாடியில் இருப்பவனைப் பற்றி ஏன் பேசுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நீச்சல் குளமும் லிப்டும் உள்ள இடத்தில் குடியிருப்பவனுக்கு என்ன குறை?

மூன்று படுக்கையறை வீட்டை நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து எடுக்கிறார்கள். தனியாளாகத் தாங்க முடியாத வாடகை, பங்கு போட்டால் தாங்குகிறது. மாட்டுங்காவில் ஒரே அறையில் எட்டுப் பேராகப் பாய் விரித்த நம் முன்னவர்கள் போட்ட கணக்கும் இதுதான். ஆனால் அங்கே ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் ஜாமீன். இங்கே முன்பணம் போடுவது ஐந்து பேர், பத்திரத்தில் பெயர் ஒருவனுக்கு!

அப்படி ஒரு தம்பி நம்மிடம் வந்தார். கையெழுத்துப் போட்டவன் பெங்களூருக்கு மாற்றலாகி, மொத்த முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்காரர், “நீ யார்?” என்று கேட்டார். கைபேசியில் பணம் அனுப்பிய கணக்கைத் தவிரத் தம்பியிடம் வேறு சாட்சி இல்லை. நாம் அலைந்து பாதியைத்தான் மீட்க முடிந்தது.

“பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?” என்று தரகர் சொல்வார். நம்பாதீர்கள். வேறு மாநிலத்தில் அந்தப் பேச்சு செல்லலாம். இங்கே 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆம் பிரிவு, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது. பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நம் பக்கம் இல்லை: கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் இருமடங்கு கட்ட வேண்டும். இது லைசன்ஸ்தான், பழைய பகடி வீட்டுப் பாதுகாப்பை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

மீன் பொரிப்பவனுக்கு வீடில்லை, கல்யாணமாகாதவனுக்கு வீடில்லை என்று சொசைட்டிகள் சொல்வதைக் கண்டிக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளே பங்காளி தேடும்போது “எங்கள் ஆளா?” என்று சாதி கேட்கிறார்களே, அதை எந்த மேடையில் கண்டிப்பது? வெட்கக்கேடு!

ஐந்து பேர் இருந்தால் ஐந்து பெயரும் பத்திரத்தில் ஏற வேண்டும். அவரவர் முன்பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும். நடுவில் ஒருவன் விலகினால் அவன் பங்கை யார், எத்தனை நாளில் தருவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மராத்தியில் இருக்கிறது, புரியவில்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் ஞாயிறு காலை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.