புதுக் கிணறு தோண்டும் முன்

(ஆனைக்குட்டத்தில் நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை. பக்கத்திலேயே அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை. விருதுநகர்வாசிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. இன்னொரு பங்கு தாமிரபரணியிலிருந்து, அதாவது அடுத்த மாவட்டத்து ஆற்றிலிருந்து, குழாய் வழியே வருகிறது. அர்ச்சுனா நதி இங்கிருந்து கோல்வார்பட்டி அணைக்குப் போய், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, கடைசியில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறு என்று சொல்கிறோமே தவிர, வருடத்தில் எத்தனை நாள் அதில் தண்ணீர் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஓடுகிற அந்தச் சில நாட்களிலும் அணையின் ஷட்டர் வழியே தண்ணீர் கசிந்து போகிறது என்பது பல ஆண்டுகள் பத்திரிகைச் செய்தியாக வந்தது. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை வைப்பாற்றோடு இணைக்கும் திட்டமும் பல பத்தாண்டுகளாகப் பேச்சிலேயே நிற்கிறது. அதெல்லாம் அரசாங்கங்கள் தீர்க்க வேண்டிய காரியங்கள். மனு கொடுப்போம், கேட்போம். ஆனால் இன்று நாங்கள் பேச வந்தது நம் பள்ளிவாசல் குழாயையும் நம் வீட்டுப் போரையும் பற்றி.

முதலில் உலகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பூமியில் உள்ள தண்ணீர் முழுவதும் நூறு குடம் என்றால், அதில் தொண்ணூற்றேழரைக் குடம் உப்பு. மீதி இரண்டரைக் குடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி. மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். ஆறு, ஏரி, குளம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உலகம் எடுத்துச் செலவழிக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்கும், 20 சதவீதம் அளவில் தொழிற்சாலைகளுக்கும், மீதி வீடுகளுக்கும் போகிறது. உலக மக்களில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் நம் நாட்டில். நன்னீரில் நம் பங்கு 4 சதவீதம். உலகத்திலேயே அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சும் நாடும் நாம்தான்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொடங்கியபோது, இந்தக் காய்ந்த வெயில்தான் அவர்களுக்கு முதலாக இருந்தது. இன்றும் தீபாவளிச் சீசனில் மழை வந்தால் காயப்போட்ட சரக்கு நனையும், வேலை நிற்கும், கூலி போகும். மழை வராவிட்டால் குடம் காலி. ஒரே வானத்தைப் பார்த்து 'வா' என்றும் 'வராதே' என்றும் கேட்கிற ஊர் நம்முடையது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்து அறையில் வேலை பார்த்துவிட்டு வருகிற சகோதரர் தலைமுடியிலிருந்து கால் நகம் வரை வெள்ளி நிறத் தூளோடு வீட்டுக்கு வருகிறார். அவர் நன்றாகத் தேய்த்துக் குளிக்கத்தான் வேண்டும். அந்தத் துணியைத் தனியாக அலசத்தான் வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் அவர் வீட்டுத் தண்ணீரில் யாரும் கை வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரைப் புழங்கவும், தண்ணீர் வண்டியில் வாங்கும் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்து நடத்தும் நம் தாய்மார்களுக்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்கவும் நாங்கள் வரவில்லை. அவர்களிடம் கேட்டு நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிக்கனம் தொடங்க வேண்டிய இடம் பள்ளிவாசல். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளு செய்வார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு அது. முக்கால் லிட்டர் அளவில் கணக்கிடுகிறார்கள். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் வீண்விரயம் கூடாது என்ற கருத்திலும் அறிவிப்பு உண்டு. நம் முன்னோர் கட்டிய ஹவுளில் கையால் அள்ளி ஒளு செய்தபோது, அள்ளிய தண்ணீர் மட்டும்தான் செலவானது. குழாய் வந்த பிறகு, நாம் முழங்கையைத் தேய்க்கும்போதும், தலைக்கு மஸஹ் செய்யும்போதும், பக்கத்தில் நிற்பவரிடம் நலம் விசாரிக்கும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருவருக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜும்ஆவுக்கு 300 பேர் வந்தால் 3,000 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 200 குடம். ஒரே ஒரு தொழுகைக்கு! பத்து லிட்டர் என்பது அதிகம் என்று தோன்றினால் நல்லது, அளந்து பார்த்துவிடுவோம்.

அந்த 200 குடமும் இப்போது போவது சாக்கடைக்கு. ஒளு செய்து விழுந்த தண்ணீரால் மறுபடி ஒளு செய்ய முடியாது என்பது நம் மத்ஹபுகளின் சட்டம். ஆனால் அது அசுத்தமான தண்ணீர் இல்லை. மரத்துக்கு விடலாம், நிலத்துக்குள் இறக்கலாம். கழிப்பறைக் குழாயோடு சேராமல் ஒளுச் செய்யும் இடத்து வடிகாலைத் தனியாகப் பிரித்து, ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குத் திருப்ப வேண்டும். கொத்தனாருக்கு அது சில நாள் வேலை.

இப்போது முக்கியமான விஷயம். நம் அறக்கட்டளைக்கு வரும் நன்கொடைகளில் பலவும் ஒரே நிய்யத்தில் வருகின்றன: "என் தாயார் பெயரில் ஒரு போர் போட்டுக் கொடுங்கள்." வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். அருமையான நிய்யத். மறைந்த தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் என்று பதில் சொன்னார்கள். அவர் கிணறு தோண்டினார். அதில் நமக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் நம் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கீழே கடினப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும், மேலே உள்ள மக்கிய பாறை அடுக்கிலும்தான் தங்கும். மணற்பாங்கான ஊர்களைப்போல அள்ள அள்ள ஊறாது. ஒரு தெருவில் 300 அடி போர் இருக்க, பக்கத்தில் 700 அடி போட்டால், பல இடங்களில் புதியது பழையதின் தண்ணீரைத்தான் இழுக்கும். பழைய போர்க்காரர் அடுத்த வருடம் 1,000 அடிக்குப் போவார். திறந்த கிணறு வைத்திருந்த ஏழை விவசாயி எங்கும் போக முடியாது. நம் தாயாரின் பெயரில் நாம் கொடுத்த தர்மம் அடுத்தவர் கிணற்றை வற்ற வைத்தால் அது யார் கணக்கில் எழுதப்படும்? தண்ணீரில் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்பதும், மிஞ்சிய தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்பதும் ஹதீஸ்களில் உள்ளவை. ஆலிம்கள் இதைப் பற்றி நமக்கு விரிவாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மதீனாவின் ரூமா கிணற்றை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலை கொடுத்து வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். தோண்டினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. வாங்கிய பின் தோண்டிச் சீர்செய்தார்கள் என்று அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து விளக்குகிறார்கள். ஆக, ஏற்கெனவே இருந்த ஒரு கிணறு அது. அதைத் திறந்துவிட்டது வரலாற்றில் நிற்கிறது.

நம் ஊர்களில் திறக்க வேண்டிய கிணறுகள் எத்தனை! குப்பை கொட்டி மூடிய கிணறுகள், கரம்பை ஏறிப்போன ஊருணிகள், வரத்துக்கால் அடைபட்டுச் சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்கள். சென்னையை நினைத்துப் பாருங்கள். நமக்குக் கிடைப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான மழை அங்கே. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தது. மழை பெய்தும் பிடித்து வைக்க இடமில்லாமல் போன கதை அது.

நமக்குப் பிடித்து வைக்க முடியும். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 2,000 சதுர அடி பள்ளிவாசல் மாடி ஏறக்குறைய 186 சதுர மீட்டர். 800 மில்லிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 48 ஆயிரம் லிட்டர். ஆவியாகிச் சிந்தியது போக ஒரு லட்சம் லிட்டராவது நிலத்துக்குள் இறங்கும். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அன்று வைத்த குழாய்களில் இன்று எத்தனை உடைந்து, மண் அடைத்துக் கிடக்கின்றன என்று அவரவர் வீட்டில் போய்ப் பாருங்கள்.

ஆகவே நாங்கள் ஒரு கோரிக்கை வைக்கிறோம். இனி போர் போடச் சொல்லி நன்கொடை வரும்போது, அந்த ஊரில் தூர்வாரக்கூடிய கிணறோ ஊருணியோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் கொடுப்பவரின் சம்மதத்தோடு பணம் அதற்குப் போகட்டும். வற்றிய போர் இருந்தால் மாடித் தண்ணீரை வடிகட்டி அதற்குள் விட ஏற்பாடு செய்வோம். எதுவும் இல்லாத, குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான் புதுப் போர். பெயர்ப் பலகை வேண்டும் என்பவர்களுக்குத் தூர்வாரிய கிணற்றிலும் வைக்கலாம், தடையில்லை. சம்மதிக்காதவர்களை வற்புறுத்த மாட்டோம். அவர்கள் நன்கொடை எந்த நிய்யத்தில் வந்ததோ அதற்கே செலவாகும். இதை ஜமாஅத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் தயங்காமல் சபையில் சொல்லுங்கள்.

வருகிற ஜும்ஆ அன்று இளைஞர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு வாளியும் லிட்டர் படியும் கொண்டுவந்தால், ஒளுவுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று இன்ஷா அல்லாஹ் அளந்து, அடுத்த இதழில் போட்டுவிடுவோம். வீட்டிலோ தோட்டத்திலோ மூடிக் கிடக்கும் கிணறு உள்ளவர்கள் அலுவலகத்தில் சொல்லிவைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் பார்த்து முடித்தால்தான் பயன். யாரும் தாங்களாக மூடியைத் திறந்து உள்ளே இறங்க வேண்டாம், பிள்ளைகளை அருகில் விடவும் வேண்டாம். பழைய கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும். தெரிந்த ஆட்களோடு நாங்கள் வருகிறோம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் நேரம் கேட்டுக்கொண்டே வருவோம்.

வஸ்ஸலாம்.