இருக்கிறவர் எடுக்க மாட்டாராம்!

(வேலூர் லாங் பஜார் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடை சாத்தும் நேரத்தில் கல்லாவைப் பையன் கையில் விட்டுவிட்டு வந்து நிற்கும் வணிகப் பெருமக்களே, ஷூ கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி, டிபன் பாக்ஸும் கையுமாக ஓரமாய் நின்று கேட்கும் தங்கைகளே!

தேர்தல் வந்துவிட்டால் இந்த லாங் பஜாரில் ஒரு பேச்சு கடைக்குக் கடை தாவும். டீக்கடையில் கிளம்பி, மண்டித் தெருவைச் சுற்றி, நேதாஜி மார்க்கெட்டில் தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "அவருகிட்ட இல்லாத பணமா? அவரு எதுக்குய்யா எடுக்கப் போறாரு?" கோடீஸ்வர வேட்பாளருக்குக் காசில்லாமல் கிடைக்கும் விளம்பரம் இதுதான். சுவரொட்டி ஒட்ட ஆளுக்குக் கூலி தர வேண்டும். இந்தப் பேச்சை நாமே கூலி வாங்காமல் ஊரெல்லாம் ஒட்டுகிறோம். இன்றைய கூட்டம் இந்த ஒரு பேச்சைக் கிழித்துப் பார்ப்பதற்குத்தான்.

முதலில் நம் தொகுதி. 1967-ல் வேலூர் டெல்லிக்கு அனுப்பிய தி.மு.க. உறுப்பினர் பெயர் குசேலர். ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து, 2019-ல், இதே தொகுதியில் முதல் இரண்டு இடத்துக்கு மோதிக்கொண்ட இருவருமே பொறியியல் கல்லூரி நடத்துகிற குடும்பத்தார். குசேலரை அனுப்பிய ஊர் குபேரர்களுக்கு நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஊராக மாறியது எப்படி?

அந்த இருவரில் ஒருவரான ஏ.சி. சண்முகம் அவர்களை எடுத்துக்கொள்வோம். தனிப்பட்ட பகை யாருக்கும் இல்லை. அவருடைய பொதுவாழ்க்கை பொதுவில் கிடக்கிற ஏடு. 1980-ல் ஆரணி சட்டமன்ற உறுப்பினர். 1984-ல் அ.தி.மு.க. சார்பில் வேலூர் நாடாளுமன்ற உறுப்பினர். 1988-ல் எம்.ஜி.ஆர். பெயரில் சென்னையில் பொறியியல் கல்லூரி. 2003-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெங்களூரில் மருத்துவக் கல்லூரி. பிறகு சொந்தமாகப் புதிய நீதிக் கட்சி. அந்தக் கட்சித் தலைவராக வேலூரில் மூன்று முறை நின்றார். 2014-ல் தாமரையில் நின்று 59,393 வாக்கில் தோற்றார். 2019-ல் இரட்டை இலையில் நின்று வெறும் 8,141 வாக்கில் தோற்றார். 2024-ல் மறுபடி தாமரை, வித்தியாசம் 2,15,702.

தோற்றதும் தொகுதியை மறந்துவிட்டு ஓடியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மருத்துவ முகாம் நடத்தினார், வேலைவாய்ப்பு முகாம் நடத்தினார். கண்ணாடி வாங்கிய பாட்டிக்கு அது கண்ணாடிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று தேர்தல், இரண்டு சின்னம், ஒரு கட்சி. அந்தக் கட்சியின் சொந்தச் சின்னம் அந்த மூன்றில் ஒரு முறைகூட இந்த ஊர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஏறவில்லை. எஸ்.ஆர்.எம். நிறுவனர் பாரிவேந்தர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2010-ல் இந்திய ஜனநாயகக் கட்சி தொடங்கினார். 2019-ல் பெரம்பலூரில் உதயசூரியனில் நின்று நான்கு லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் அதே ஊரில் தாமரையில் நின்று தோற்றார். கொள்கைக்காகக் கட்சி என்றால் சின்னம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சட்டையைப் போல மாறுமா? இங்கே கட்சி என்பது கூட்டணிப் பேச்சுவார்த்தைக்குள் நுழைய ஒரு அனுமதிச் சீட்டு.

இந்தச் செல்வம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. அரசியலில் இருந்தவர்களும் அரசியலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுமாகப் பலர் அடுத்த பத்தாண்டில் 'கல்வித் தந்தை' ஆனார்கள். நம் பிள்ளைகள் அங்கே படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை இடம், எவ்வளவு கட்டணம், எந்த ஆண்டு அங்கீகாரம் என்பதெல்லாம் அரசு மேசையில் முடிவாகிற காரியங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் மனு நீட்டுகிறவரே அந்தப் பக்க நாற்காலிக்கும் ஓட்டு கேட்டால், யோசிக்க வேண்டாமா?

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அதுவரை அரசிடம் இருந்த சுரங்கமும் ஆலையும் தனியார் கைக்குப் போயின. முன்வரிசையில் நின்றவர்கள் அள்ளினார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜியாக்காரர் பிட்ஸினா இவானிஷ்விலி. மாஸ்கோவில் கம்ப்யூட்டர் விற்றார், பட்டன் போன் விற்றார், வங்கி தொடங்கினார், உலோகத் தொழிலில் இறங்கினார். அரசியலுக்கு வரும் நேரத்தில் அவர் சொத்து, 37 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் பாதியை நெருங்குகிற அளவு. பிறந்த ஊரான சோர்விலாவில் வாரி வழங்கினார். தேவாலயத்துக்குக் கொடுத்தார், நாடகக்காரர்களுக்குக் கொடுத்தார். 2011 அக்டோபரில் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய 'ஜார்ஜியக் கனவு' கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. அங்கேயும் ஜனங்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க அகராதி வேண்டாம்.

பிரதமர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தது ஓராண்டு சொச்சம். 2013 நவம்பரில் எழுந்து போய்விட்டார். நாற்காலிதான் காலியானது, பிடி தளரவில்லை. பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். முடிவு எடுப்பது யார் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இடையில் அவருக்கு மரங்கள் மேல் ஆசை வந்தது. கடற்கரையில் தன் பூங்காவுக்காக, கிராமங்களில் நூறாண்டு நின்ற மரங்களை விலைக்கு வாங்கி வேரோடு பெயர்த்தார். லாரியில் மரம் நின்றபடி வரும். வழியில் மின்கம்பியை இறக்குவார்கள், குறுக்கே நிற்கும் மற்ற மரங்களை வெட்டுவார்கள். கருங்கடலில் தெப்பத்தின் மேல் ஒரு பெரிய மரம் தனியாக நின்று மிதந்து போன படத்தை உலகமே பார்த்தது. ஒரு ரூபாய்கூட அவர் அரசுப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தனிமனிதரின் ஆசைக்கு மின்கம்பி தாழ்கிறதே, அதற்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? 2024 நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை தள்ளிவைப்பதாக அவர் கட்சி அரசு அறிவித்தது. தலைநகர் திபிலிசியில் இரவு இரவாக மக்கள் தெருவில் நின்றார்கள்.

உக்ரைனுக்குப் போவோம். பெட்ரோ பொரொஷென்கோ, 'ரொஷென்' சாக்லேட் கம்பெனி முதலாளி. 2014 மே மாதம் முதல் சுற்றிலேயே 54 சதவீதத்துக்கு மேல் வாங்கி அதிபரானார். ஜெயித்தால் கம்பெனியை விற்றுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். விற்கவில்லை. வாங்க ஆள் இல்லை என்றார், 2016-ல் அறக்கட்டளை நிர்வாகத்தில் ஒப்படைத்துவிட்டேன் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் பனாமா ஆவணங்கள் வெளிவந்தன. 2014 ஆகஸ்டில், நாட்டின் கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் பெயரில் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு நிறுவனம் பதிவானது தெரிந்தது. சட்டப்படிதான் செய்தேன், அறக்கட்டளைக்கு மாற்றுவதற்கான ஏற்பாடு அது என்றார். இருக்கலாம். 2019-ல் மக்கள் அவருக்குக் கொடுத்தது 24 சதவீதம்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். பக்கத்துக் கர்நாடகத்துக்கு வாருங்கள். விஜய் மல்லையா 2002-லும் 2010-லும் அங்கிருந்து மாநிலங்களவைக்குப் போனார். இல்லாத பணமா அவரிடம்? மதுபானம் இருந்தது, விமானக் கம்பெனி இருந்தது. அந்த விமானக் கம்பெனி நடத்திக்கொண்டே, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆலோசனைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். 2012-ல் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையில் நின்றன. ஊழியர்கள் சம்பளத்துக்குத் தெருவில் நின்றார்கள். 2016 மார்ச் 2-ம் தேதி, வங்கிகள் 9,000 கோடிக்கு மேல் பாக்கி கேட்டுக்கொண்டிருக்கும்போது, நாடாளுமன்ற உறுப்பினராகவே விமானம் ஏறி லண்டன் போனார். இருக்கிறவர் எடுக்க மாட்டாராம்! அவர் எடுக்கிறாரா இல்லையா என்று கல்லாப்பெட்டியையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வேண்டியிருந்தது கடன், அனுமதி, சலுகை, தவணை. அதெல்லாம் கல்லாவில் இருக்காது.

அப்படியானால் வியாபாரி அரசியலுக்கே வரக்கூடாதா? லாங் பஜாரில் நின்று அப்படிச் சொன்னால் பேசுகிறவர் வீடு போய்ச் சேர முடியாது, சொல்லவும் தேவையில்லை. கன்னியாகுமரி வசந்தகுமாரைப் பாருங்கள். விற்பனையாளராக வேலை பார்த்தவர், 1978-ல் சொந்தக் கடை போட்டார், கடை பல கிளை விட்டது. சொத்து 400 கோடிக்கு மேல் என்று 2019 தேர்தலில் அவரே கணக்குக் கொடுத்தார். ஆனால் தனிக்கட்சி வைத்துக்கொள்ளவில்லை. காங்கிரசுக்குள்ளேயே இருந்தார், நாங்குநேரியில் நின்றார், தோல்வியும் பார்த்தார், வெற்றியும் பார்த்தார். கட்சியில் அவருக்கு மேலே ஆள் இருந்தது, கீழே கேள்வி இருந்தது. 2020-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது கட்சி வேறுபாடு இல்லாமல் ஊர் அழுதது.

பணக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் கட்சிகள் தப்பித்துவிடும். மக்களவை வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 95 லட்சம். இங்கே இருக்கிற யாராவது அந்தக் கணக்கை நம்புகிறீர்களா? சிரிக்கிறீர்கள். சீட்டு கேட்டு நேர்காணலுக்குப் போகிறவரிடம் "எவ்வளவு செலவு பண்ணுவீங்க" என்று கேட்கிற கட்சிகள்தான் கோடீஸ்வரரைத் தேடிப்பிடித்து மேடையேற்றுகின்றன. 2019 ஏப்ரல் மறந்துவிட்டதா? அன்றைய தி.மு.க. பொருளாளர் துரைமுருகனுக்கு நெருக்கமானவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இடத்தில், காட்பாடிப் பக்கம் ஒரு சிமென்ட் கிடங்கில், 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்ததாக வருமான வரித்துறை சொன்னது. வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டிய கட்டுகள். அரசியல் பழிவாங்கல் என்றது தி.மு.க. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. 16-ம் தேதி தேர்தல் ரத்து. பணப் புழக்கத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் என்ற பெயர் 1806-ல் வெள்ளையனை எதிர்த்த இந்தக் கோட்டை ஊருக்கு வாய்த்தது. தேர்தலில் நிற்காமலே காரியம் பார்க்கிறவர்கள் வேறு. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் தேர்தல் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவித்ததும் கணக்கு வெளியே வந்தது. கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் கம்பெனி வாங்கியது 1,368 கோடிக்குப் பத்திரம். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததாக அந்தக் கட்சியே கணக்குக் கொடுத்தது.

மண்டித் தெரு வியாபாரிக்கு மூட்டை வாங்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. மூட்டையின் வாயைப் பார்த்து அவர் விலை பேசமாட்டார். குத்தூசியை நடுவில் இறக்கி, உள்ளேயிருந்து நாலு அரிசி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். வேட்பாளரையும் அப்படிப் பாருங்கள். முகாம் மூட்டையின் வாய். உள்ளே குத்த நான்கு கேள்வி போதும். ஐயா, உங்கள் தொழில் எந்தெந்த அரசு அலுவலகத்தின் கையெழுத்தை நம்பியிருக்கிறது? அந்தத் துறை பற்றிய நாடாளுமன்றக் குழுவில் உட்காராமல் இருப்பீர்களா? உங்கள் கட்சியில் உங்களை எதிர்த்துப் பேசிவிட்டுப் பதவியில் நீடிக்கிற ஒருவரைக் காட்ட முடியுமா? பாலாற்றுக்கு என்ன செய்வீர்கள்?

நாலாவது கேள்விதான் நமக்கு உயிர். தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே செலவு ஏற்க வேண்டும். சட்டக் கல்லூரிகளில் நாடு முழுக்கப் பாடமாக இருக்கிற தீர்ப்பு அது. பாடம் நடக்கிறது, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடிகிறதா? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கழிவுச் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஓட்டு இங்கே இல்லாதவர்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவரிடம் வசூல் செய். இடையில் 28 வருடத்துக்கு மேல். அத்தனை நாடாளுமன்றத் தேர்தல்களில் பாலாறு எத்தனை மேடையில் முதல் பொருளாக இருந்தது?

தோல் தொழில் மூடட்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பர் தைக்கிற மெஷினில் உட்காருகிற பெண்ணின் சம்பளத்தில் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனை அடுப்பு எரிகிறது என்று இந்தக் கூட்டத்துக்குத் தெரியும். நாளைக்கே ஒரு டேனரி முதலாளி நல்ல மனிதராக, கைச்சுத்தமானவராக, ஓட்டு கேட்டு வரலாம். வரட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவர் தொழிற்சாலைக்கு நோட்டீஸ் அனுப்பும் நாளில், அவர் பாலாற்றின் எம்.பி.யா, தொட்டியின் முதலாளியா என்பதை இன்றைக்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை, எல்லாக் கட்சிக்கும் சேர்த்து. மாநிலங்களவையில் உறுப்பினர்கள் தங்கள் தொழில், இயக்குநர் பதவி, பெரும்பங்கு இவற்றைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மக்களவையில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. பதிவேடு இருந்த அவையில்தான் மல்லையாவும் இருந்தார் என்று ஒருவர் குறுக்கே கேட்கலாம், சரியான கேள்வி. அதனால் பதிவோடு நிற்கக் கூடாது. தன் தொழில் சம்பந்தப்பட்ட குழுவில் உறுப்பினர் இருக்கக் கூடாது, அந்தத் துறை வாக்கெடுப்பில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மீறினால் பதவி போக வேண்டும் என்று விதி எழுத வேண்டும். அடுத்த தேர்தலில் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதியிலும் ஓட்டு கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், பணக்காரர் ஏழை பார்க்காமல், இந்த விதியை ஆதரிக்கிறேன் என்று கையெழுத்து வாங்குங்கள். வியாபாரிகள் கடையில் நோட்டு வைத்திருக்கிறீர்கள். வாங்கிய கையெழுத்தை அதிலேயே தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தாண்டு கழித்து அவர் மறுபடி வரும்போது எடுத்துக் காட்டலாம்.